வராதவரை யார் விசாரிப்பது?

தை மாதம் 18ஆந் திகதி தொடக்கம் 25ஆந் திகதி வரை கிறிஸ்தவ ஒன்றிப்புக்காகச் செபிக்கும் வாரம் என்பது நம் வாசகர் அறிந்ததே. அந்த வாரத்தில் ஒருநாள் மாலை, கொழும்பிலுள்ள தமிழ் மெதடிஸ்த சபையொன்றில் அருளுரை ஆற்றும்படி என்னை அழைத்திருந்தார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து முச்சக்கர வண்டியில் போய் இறங்கினேன். ஆராதனை தொடங்க இன்னும் அரைமணி நேரம் இருந்தது. அச்சபையின் போதகர் என்னைப் பக்கத்திலிருந்த சிறிய அறைக்கு அழைத்துச் சென்று தேநீர் தந்தார். மேசைமேல் ஒரு சீ.ஆர். கொப்பி திறந்தபடி கிடந்தது. பென்சிலாற் கோடு கீறி, ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு பதின்மூன்று பெயர்களாக எழுதி, ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் வாரத்துக்கொரு புள்ளி வைத்திருந்தார்கள்.

“ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளின் இடாப்போ?” என்று கேட்டேன்.

“இல்லை ஃபாதர், பெரிய ஆக்களின்ர” என்றார்.

பிறகு விளக்கினார். ஒவ்வொரு பக்கமும் ஒருவரின் பொறுப்பு. அந்தப் பக்கத்திலுள்ளவர் இரண்டு ஞாயிறு தொடர்ந்து ஆராதனைக்கு வராவிட்டால், மூன்றாம் ஞாயிறு வருமுன் பொறுப்பாளர் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு வந்து புதன்கிழமைக் கூட்டத்திற் சொல்ல வேண்டும். “நாங்கள் இதை விசாரிப்பு எண்டு சொல்லுவம். எல்லா இடத்திலும் இப்ப இது நடக்கிறதெண்டு சொல்லமாட்டன். எங்கட இடத்திலும் அரைகுறைதான்” என்று சிரித்தார். அரைகுறையாயினும் அந்தக் கொப்பி என் கண்ணைவிட்டு அகலவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு.

அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், நான் பணிபுரிந்த பங்கில், நடுத்தர வயதுடைய ஒருவர் வந்து தம் தாயாரின் அடக்கப் பூசைக்கு நேரம் கேட்டார். தாயாரின் பெயரைச் சொன்னார். எனக்கு ஆளைத் தெரியவில்லை. கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. ஞாயிறு காலைப் பூசையில் இடப்பக்கம் தூணுக்குப் பக்கத்தில் இருப்பவர், நீலக்கரைச் சேலை, நற்கருணை வாங்கும்போது வலக்கை சற்று நடுங்கும். ஆறு வருடமாக அந்தக் கையில் ஆண்டவரின் திருவுடலை வைத்த எனக்கு அவருடைய பெயர் தெரியாது. தபசுகாலத் தொடக்கத்தில் வீட்டுக்குள் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, கார்த்திகை வரையும் படுக்கையிற் கிடந்திருக்கிறார். மகன் வெளிநாட்டில் வேலை. பார்த்துக்கொண்டது பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம். எட்டு மாதமாக அந்தத் தூணுக்குப் பக்கத்து இடம் காலியாயிருந்தது என்று சொல்லமுடியாது. வேறு யாரோ அதில் இருந்தார்கள். அதனாலேதான் எவர் கண்ணுக்கும் படவில்லை.

“அம்மா ஒவ்வொரு ஞாயிறும் கோயில் மணி கேட்டா, இண்டைக்கு ஃபாதர் நன்மை கொண்டு வருவார் எண்டு சொல்லுவாவாம்” என்றார் மகன். குற்றஞ்சாட்டும் தொனி அதில் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று இலேசாயிருந்திருக்கும்.

இதை இங்கே எழுதுவது என் மனப்பாரத்தை வாசகர் தலையில் இறக்கி வைப்பதற்கன்று. இதில் ஒரு கேள்வி இருக்கிறது. அது எனக்கு மட்டும் உரியதன்று. அந்தத் தாயாரைப் போய்ப் பார்க்கும் கடமை யாருக்கு இருந்தது? பங்குத்தந்தைக்கு என்பது உடனே வரும் விடை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, 529ஆம் இலக்கத்தில், பங்குத்தந்தை தம்மிடம் ஒப்படைக்கப்பட்டோரை அறிந்திருக்க முயலவேண்டும் என்றும், குடும்பங்களைச் சந்திக்க வேண்டும் என்றும், நோயாளருக்குத் துணைநிற்க வேண்டும் என்றும் கூறுகின்றது. இதில் தப்ப வழியில்லை. நான் தப்ப முயலவும் இல்லை. ஆனால், ஆயிரக்கணக்கான ஆன்மாக்களைக் கொண்ட ஒரு நகரப் பங்கில், நாளொன்றுக்கு இரண்டு வீடு என்று வைத்துக்கொண்டு நடந்தாலும், ஒரு சுற்று முடிய வருடங்கள் செல்லும். சுற்று முடிவதற்குள் பாதிப்பேர் வத்தளைக்கோ கனடாவுக்கோ குடிபெயர்ந்திருப்பர். ஆகவே பங்குத்தந்தையின் கடமை என்று சொல்லி நிறுத்திக்கொண்டால், சரியான விடையைச் சொல்லிவிட்டு அந்த அம்மாவைத் தனியே விட்டுவிட்டோம் என்றுதான் பொருள்.

மெதடிஸ்தர் இந்தக் கேள்விக்கு எப்படி விடை கண்டனர் என்பது சுவையான வரலாறு. அது ஞானத்தில் தொடங்கவில்லை, கடனில் தொடங்கியது.

1742ஆம் ஆண்டு மாசி மாதம் இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகரில், ஜோன் வெஸ்லியின் சபையார் தாங்கள் கட்டிய கட்டடத்தின் கடனை எப்படி அடைப்பது என்று கூடி ஆலோசித்தனர். ஃபொய் என்னும் கப்டன் ஒருவர், ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுத்தால் கடன் தீரும் என்றார். பலர் பரம ஏழைகள், அவர்களால் அதுவும் முடியாதே என்று ஒருவர் மறுத்தார். அப்படியானால் பரம ஏழைகளில் பதினொருவரை என் பொறுப்பில் விடுங்கள். வாரந்தோறும் நானே அவர்களிடம் போகிறேன். அவர்களால் கொடுக்க முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் அவர்களுக்காக நானே போடுகிறேன் என்றார் கப்டன். மற்றவர்களும் அவ்வாறே பொறுப்பேற்றனர். பன்னிரண்டு பேர் கொண்ட ‘வகுப்பு’ இப்படித்தான் உண்டாயிற்று.

காசு கேட்கப் போனவர்கள் வீட்டு வாசலில் வேறு பலவற்றைக் கண்டனர். ஒரு வீட்டில் நோய், ஒரு வீட்டில் குடி, ஒரு வீட்டில் கணவன் மனைவி பேசாமல் இருந்தார்கள். இவற்றைக் கேட்ட வெஸ்லி, தாம் நெடுநாளாகத் தேடியது இதுவே என்று கண்டுகொண்டார். வெகுவிரைவில் காசு இரண்டாம் இடத்துக்குப் போய், அவனவன் ஆன்மா எந்நிலையில் இருக்கிறது என்று வாரந்தோறும் கேட்பதே வகுப்பின் முதல் வேலையாயிற்று. வகுப்புத் தலைவராகப் பெண்களும் இருந்தனர் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் அது சிறிய விஷயமன்று.

கடன் அந்தச் சபையாரை இலங்கை வரையும் பின்தொடர்ந்தது. 1813ஆம் ஆண்டின் கடைசியில் தோமஸ் கோக் என்பவரின் தலைமையில் ஒரு குழு இங்கிலாந்திலிருந்து கப்பலேறியது. 1814 வைகாசி 3ஆந் திகதி கோக் கப்பலிலேயே இறந்து, இந்து சமுத்திரத்தில் அடக்கஞ்செய்யப்பட்டார். பணப்பொறுப்பெல்லாம் அவரிடமே இருந்தமையால், மற்றவர்கள் பம்பாயில் வெறுங்கையோடு இறங்கினர். அங்கிருந்த வணிகர் ஒருவர் நம்பிக்கையின்பேரில் பணம் கொடுத்துதவியிராவிட்டால், அதே ஆண்டு ஆனி மாத முடிவில் அவர்கள் காலியில் வந்து இறங்கியிருக்கமாட்டார்கள். லிஞ்ச், ஸ்குவான்ஸ் இருவரும் யாழ்ப்பாணத்துக்கும், ஓல்ட் மட்டக்களப்புக்கும் சென்றனர். ஓல்ட் ஒரு வருடம் முடியுமுன்னரே, 1815 சித்திரையில், அங்கேயே இறந்தார். மட்டக்களப்பார் இன்றும் அவரை மறக்கவில்லை. கொழும்பில் ஹாவட் என்பவர் முன்னின்று கட்டிய டாம் வீதிக் கோயில் 1816இல் திறக்கப்பட்டது. புறக்கோட்டைக்குச் சாமான் வாங்கப்போகும் நம்மவர் பலர் அதன் முன்னால் நடந்திருப்பர்; நின்று பார்த்தவர் சிலரே.

இனி நம் கேள்விக்கு வருவோம். குருமடத்திலே நாம் படித்த புனித தோமஸ் அக்குவினார், சகோதரனைத் திருத்துதல் பற்றிக் கூறுமிடத்தில் ஒரு வேறுபாட்டை வைக்கிறார். ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு நாம் கொடுக்கவேண்டியது ஒன்று இருந்தால், அவர் தேடி வரும்வரை காத்திருத்தல் முறையன்று. கடன்பட்டவன் தவணை வந்தவுடன் கடன்கொடுத்தவனைத் தேடிப் போவதுபோல நாமே தேடிப் போகவேண்டும். ஆன்ம காரியத்தில் பிறரைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவருக்கு இவ்விதி பொருந்தும். ஆனால், எல்லா அயலாருக்கும் பொதுவாக நாம் பட்டிருக்கும் கடன் வேறு வகை. அதற்காக ஒவ்வொருவரையும் தேடித் திரிய வேண்டியதில்லை. எதிர்ப்படுவோருக்குச் செய்தால் போதும். அப்படித் தேடித் திரிந்தால் பிறர் வாழ்வை வேவு பார்ப்பவர்களாகி விடுவோம் என்றும் எச்சரிக்கிறார்.

இந்த இடத்தைக் குருமடத்தில் படித்தபோது பரீட்சைக்காகப் படித்தேன். அந்தச் சீ.ஆர். கொப்பியைக் கண்ட பிறகுதான் விளங்கியது. நீலக்கரைச் சேலைத் தாயாருக்கு நம் பங்கில் எல்லாரும் கடன்பட்டிருந்தோம். ஆனால் அது பொதுக்கடன். எல்லாருக்கும் உரியதாயிருந்தபடியால் எவரும் குற்றவாளியல்லர். கப்டன் ஃபொய் செய்தது என்ன? பொதுக்கடனைப் பதினொரு பெயர்களாகப் பிரித்து, ஒன்றைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அந்த வினாடியிலிருந்து அந்தப் பதினொருவரும் அவருக்குக் குறிப்பிட்ட ஆட்களாயினர். அவர்களில் ஒருவர் விழுந்து கிடந்தால், நான் அறியவில்லை என்று அவர் சொல்ல முடியாது. அன்பு என்பது உள்ளத்தின் உணர்வு, அதைப் பட்டியல் போட்டு வளர்க்க முடியுமா என்று சிலர் கேட்பர். உணர்வை வளர்க்க முடியுமோ முடியாதோ, மறதியைத் தடுக்க முடியும். நம்மில் அநேகர் அன்பில்லாமல் அயலாரைக் கைவிடுவதில்லை, நினைவில்லாமல் கைவிடுகிறோம்.

ஆனால் நான் இவ்வளவு விரைவில் முடிவுக்கு வருவது நேர்மையாகாது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழும் தமிழருக்கு, பெயர் எழுதிய இடாப்போடு ஒருவர் கதவைத் தட்டுவது எப்படிப்பட்ட அனுபவம் என்று அறிந்துகொண்டே இதை எழுதுகிறேன். 1983 ஆடியில் நம் வீடுகளைத் தேடி வந்தவர்கள் சிலரின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. அப்போது நான் சிறு குழந்தை. என் தாயார் அதன்பின் பல வருடங்களுக்கு, யார் எந்தப் பட்டியலில் பெயர் கேட்டாலும் முதலில் ஒரு கணம் பேசாமல் நிற்பார். அதற்குப் பின்வந்த காலத்தில், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், ஊரிலிருந்து வந்தவர் யார், எத்தனை நாள் நிற்பார் என்று பொலிசில் பதியவேண்டியிருந்தது. 2007 ஆனி 7ஆந் திகதி அதிகாலையில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழரைப் பேருந்துகளில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டு நிறுத்தியது. அந்த நாட்களில் நம் வீடுகளில் ‘விசாரணைக்கு வந்திருக்கினம்’ என்றால் குடல் நடுங்கும். சுகம் விசாரிப்பதற்கும் பொலிஸ் விசாரணைக்கும் நம் தமிழில் ஒரே வேர்ச்சொல் இருப்பது வெறும் தற்செயல் என்று நான் எண்ணவில்லை. இரண்டிலும் ஒருவர் வாசலில் நின்று கேட்கிறார். மற்றவர் பதில் சொல்லவேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. சில வருடங்களுக்கு முன் ஓர் இளைஞர் நம் ஞாயிறு மாலைப் பூசைக்கு வந்து பின்வரிசையில் இருப்பார். கத்தோலிக்கர் அல்லர், வேறொரு சபையில் பிறந்து வளர்ந்தவர். ஒருநாள் வாசலில் அவரோடு கதைத்தேன். வேலை போய், கடன் ஏறி, திருமணமும் குழம்பியிருந்த காலம். அவருடைய சபையில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் மூன்று பேராவது தோளில் கைபோட்டு எப்படித் தம்பி என்று கேட்பார்களாம். “ஃபாதர், உங்கட கோயிலிலை ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம். அதுதான் வாறன்” என்றார். நான் அதை ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், தூணுக்குப் பக்கத்திலிருந்த தாயாரை மறக்கச் செய்ததும், அந்த இளைஞருக்கு நிழல் கொடுத்ததும் ஒரே பழக்கமே.

கத்தோலிக்கக் கோயிலின் பெரிய வாசல் சிறிய பொருளன்று. கொச்சிக்கடை அந்தோனியாரிடம் செவ்வாய்க்கிழமைகளில் வருவோரை எண்ணிப் பாருங்கள். இந்துக்கள், பௌத்தர்கள், ஏன், முஸ்லிம்களும் வருவர். எவரும் யார் என்று கேட்பதில்லை. மெழுகுதிரியை ஏற்றிவிட்டு, அழவேண்டியதை அழுதுவிட்டுப் போகிறார்கள். பாவசங்கீர்த்தனத்தொட்டியிலும் அப்படித்தான். நம் குற்றத்தைக் கேட்பவர் அதை ஒருவருக்கும் சொல்லமுடியாது; முகத்தையும் மறைத்துக்கொள்ளலாம். மனிதன் தன்னை எங்கே திறப்பது, எங்கே மூடுவது என்று தானே தீர்மானிக்க விடும் ஒரு மரியாதை அதில் உண்டு. பன்னிரண்டு பேர் முன்னிலையில் என் ஆன்மாவின் நிலையைச் சொல் என்றால், எத்தனை பேர் உண்மை சொல்வர்?

வெஸ்லியின் முறையிலும் அந்த ஆபத்து இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வகுப்பார் சோதிக்கப்பட்டு, தகுதியுடையவருக்குச் சீட்டுக் கொடுக்கப்பட்டது, சீட்டில்லாதவர் வெளியே. 1743ஆம் ஆண்டு நியூகாஸில் நகரில் அறுபத்துநான்கு பேரை நீக்கியதாக வெஸ்லியே தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பதினேழு பேர் குடிக்காக, ஒருவர் மனைவியை அடித்ததற்காக. இருபத்தொன்பது பேர் நீக்கப்பட்டது பெருங்குற்றம் எதற்காகவும் அன்று. பொறுப்பற்ற இலேசான போக்குக்காக. இந்த அளவுகோலை நம் பங்குகளில் வைத்தால் கோயிலுக்குள் எத்தனை பேர் மிஞ்சுவர் என்று சொல்லமாட்டேன். இப்பத்திரிகையின் ஆசிரியர் முதல் நாளே வெளியே நிற்பார்.

பிற்காலத்தில் மெதடிஸ்தரிடமும் வகுப்புகள் தளர்ந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே, வகுப்புக்கு வராதவரைச் சபையின் அங்கத்தவர் என்று எண்ணலாமா என்று இங்கிலாந்தில் பெரும் வாதம் நடந்தது. கண்காணிப்பு என்று தோன்றியதை மக்கள் நெடுநாள் பொறுப்பதில்லை. ஆனால் கண்காணிப்பு போனபோது கவனிப்பும் கூடவே போயிற்று. அதைத்தான் போதகர் ‘அரைகுறை’ என்றார்.

அப்படியானால் கதவைத் தட்டும் ஒருவரை வேவுகாரர் ஆக்காமல் காப்பது எது? இதைப்பற்றிப் பலநாள் யோசித்தேன். அன்போடு போனால் சரியாகிவிடும் என்று பிரசங்கத்தில் சொல்லலாம். அன்போடு வம்பு விசாரிப்பவர்கள் நம்மிடம் ஏராளம். எனக்குத் தோன்றுவது வேறு. பொலிசார் கேட்கும்போது கேட்பவர் எதையும் இழப்பதில்லை. பதில் முழுவதும் ஒரு பக்கத்துக்கே போகிறது. கப்டன் ஃபொய் கேட்கப் போகும்போது, உன்னால் முடியாவிட்டால் உன் பங்கை நான் போடுவேன் என்று முன்னரே கையெழுத்து வைத்துவிட்டுத்தான் போனார். வாசலில் கேட்ட ஒவ்வொரு பதிலும் அவருக்கே செலவாக முடியக்கூடியது. பிறருடைய துன்பத்தைக் கேட்டறிய யாருக்கு உரிமை உண்டு என்றால், அறிந்தபின் தன் நேரத்திலோ பணத்திலோ அதற்கு ஒரு பங்கு கொடுக்க ஆயத்தமாக இருப்பவருக்கு மட்டுமே. மற்றவர் கேட்காமலிருப்பதே தர்மம். பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் அந்த அம்மாவிடம் என்னென்ன கேட்டார்கள் என்று நான் அறியேன். கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள். உடம்பைத் திருப்பிப் போட்டார்கள். அவர்கள் எதையும் கேட்க உரித்துடையவர்கள்.

இதெல்லாம் பிரிந்த சகோதரரின் முறை, நமக்கு எதற்கு என்று கேட்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. அவர்களிடம் காணப்படும் உண்மையான கிறிஸ்தவ நன்மைகளைக் கத்தோலிக்கர் மகிழ்ச்சியோடு ஏற்று மதிக்கவேண்டும் என்று 1964இலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் போதித்துவிட்டது. அதற்கு மேலாக, இது நமக்குப் புதியதும் அன்று. ஒல்லாந்தர் காலத்தில் இலங்கைக் கத்தோலிக்கருக்குக் குருமார் இல்லை. குருமாருக்குப் புகலிடம் கொடுப்பதே தண்டனைக்குரிய குற்றம். 1687இல் ஏழைக் கூலியாள் வேடத்தில் வந்த யோசேவ் வாஸ் அடிகளார், கொழும்பில் இரவு வேளைகளில் வீட்டுக்கு வீடு மாறிப் பூசை செய்தார். விடியுமுன் போய்விடுவார், அடுத்த முறை எப்போது வருவார் என்று எவருக்கும் தெரியாது. இடையில் ஒவ்வோர் இடத்திலும் மூப்பர்களும் அண்ணாவிமாருமே செபம் சொன்னார்கள், சாகக்கிடப்போருக்குத் துணைநின்றார்கள், அவசரத்தில் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். யார் வந்தார், யார் வரவில்லை, யார் தளர்ந்துபோனார் என்பதை அவர்கள் அறிந்திருந்தபடியால்தான், வாஸ் அடிகளார் வரும் இரவில் எந்த வீட்டுக் கதவைத் தட்டவேண்டும் என்று சொல்ல முடிந்தது. 2015 தை 14ஆந் திகதி காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது நாம் இலட்சக்கணக்கில் கூடினோம். அந்த மூப்பர்களின் பெயர்களில் பெரும்பாலானவை நமக்குத் தெரியா. குருமார் வந்து சேர்ந்தபின் மூப்பரின் வேலை மெல்ல மெல்ல மணியடிப்பதும் திருநாட்காசு சேர்ப்பதுமாகக் குறுகிப்போயிற்று. நமக்குக் குருமார் கிடைத்தது பெரும் வரம். அதன் விலை என்ன என்று எவரும் கணக்குப் பார்க்கவில்லை.

கூட்டங்கள் குறைவு என்பதும் நம் குறையன்று. மெதடிஸ்த சபையில் ஞாயிறு ஆராதனை, ஞாயிறு பாடசாலை, பெண்கள் ஐக்கியம், வாலிபர் ஐக்கியம், பாடகர் பயிற்சி, வேதபாட வகுப்பு, வீட்டுச் செபக்கூட்டம் என்று வாரம் நிறைந்திருக்கும். நம் அறிவித்தற்பலகை அதைவிட நீளம். நவநாள், மறைக்கல்வி, மரியாயின் சேனை, வின்சென்ட் டி போல் சபை, இளைஞர் மன்றம், பாடகர் குழு இரண்டு, அவற்றுக்கிடையே ஒரு வழக்கு. ஆனால் கூட்டத்துக்கு வருபவர் வருபவரையே காண்கிறார். மரியாயின் சேனையில் மட்டும், கடந்த வாரம் ஒப்படைத்த வேலையை முடித்தாயா என்று ஒவ்வொருவரிடமும் கேட்கும் வழக்கம் 1921இல் டப்ளினில் தொடங்கிய நாள் முதல் இருக்கிறது. அங்கே ஒரு பொறி அணையாமல் இருக்கிறது என்பேன்.

2019 சித்திரை 21, உயிர்ப்பு ஞாயிறு. அதைப்பற்றி நம் பகுதியில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. அதன்பின் நீண்டகாலம் நம் கோயில் வாசல்களில் பைகளைச் சோதித்தோம். வருபவர் நம் பங்கினரா என்று முகம் பார்த்துச் சொல்ல, ஒவ்வொரு வட்டாரத்திலிருந்தும் இருவரை நிறுத்தினோம். ஆச்சரியம் என்னவென்றால், அவர்களுக்கு எல்லாரையும் தெரிந்திருந்தது! இவர் இன்ன தோட்டம், அவர் இன்ன மாடி, இந்தப் பிள்ளை இன்னாரின் பேரன் என்று ஐயமின்றிச் சொன்னார்கள். நீலக்கரைச் சேலைத் தாயாரையும் அவர்களில் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. பின்னர் என்னிடம் சொன்னார். நாம் அவரைக் கேட்டதெல்லாம், வந்தவர் யார் என்பதை மட்டுமே.

உயிர்த்த ஆண்டவர் முதன்முறை சீடருக்குத் தோன்றியபோது தோமையார் அங்கே இல்லை. அவருடைய அவிசுவாசத்தைப்பற்றி ஆயிரம் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். நானும் சில செய்திருக்கிறேன். மற்றப் பத்துப் பேரைப்பற்றி ஒருவரும் பேசுவதில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு பயந்திருந்த அந்தப் பத்துப் பேர், ஒருவன் குறைகிறான் என்று கண்டார்கள். அவனிடம் செய்தியைச் சொன்னார்கள். அவன் நம்பமாட்டேன் என்று முரண்டு பிடித்தபோதும் விட்டுவிடவில்லை. எட்டு நாளுக்குப் பின் அவன் அவர்களோடு இருந்தான். இடையில் நடந்த அந்த எட்டு நாளைப்பற்றி நற்செய்தியாளர் ஒன்றும் எழுதவில்லை.

தபசுகாலத்தில் ஒரு முயற்சி செய்து பார்த்தோம். பெரிய திட்டமொன்றுமில்லை. ஒரு தெருவில் பன்னிரண்டு கத்தோலிக்க வீடுகள். மரியாயின் சேனையிலுள்ள ஓர் அக்கா, ஓய்வுபெற்ற தாதி, அவற்றைத் தம் பொறுப்பில் எடுத்தார். இரண்டு நிபந்தனைகள் மட்டும் வைத்தோம். வீட்டுக்குள் கேட்டதைக் கொப்பியில் எழுதக்கூடாது. வந்தார், வரவில்லை, போய்ப்பார்த்தேன் என்ற மூன்றுக்குமேல் ஒன்றும் வேண்டாம். மற்றது, வெறுங்கையோடு போகக்கூடாது. இரண்டாவதை அவரே சொன்னார். நான் கப்டன் ஃபொய்யின் கதையை அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

நான்காம் வாரம் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார். பதினொரு வீட்டுக்கு நேரே புள்ளிகள் இருந்தன.

“எட்டாம் நம்பர் வீட்டுக்காரர் கதவு திறக்கேல்ல ஃபாதர். உள்ளை ஆள் இருக்கு. ரேடியோ கேக்குது. மூண்டு தரம் போனனான். ‘ஆர் அனுப்பினது’ எண்டு மட்டும் ஒருக்கா உள்ளுக்கிருந்து கேட்டவர்.”

“நீங்கள் என்ன சொன்னீங்கள்?”

“ஒருத்தரும் அனுப்பேல்ல, நான் பத்தாம் நம்பருக்குப் பக்கத்திலை இருக்கிற ஆள்தான் எண்டன். பணியாரத்தை வாசலிலை வச்சிட்டு வந்திட்டன். அடுத்த நாள் கோப்பை கழுவி வெளியிலை வச்சிருந்தது.” சிறிது நேரம் கொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார். “இதுக்கு என்ன போடுறது ஃபாதர்? புள்ளியோ, வெறுமையோ?”

எனக்கும் தெரியவில்லை. அடுத்த வாரமும் போய்ப் பாருங்கள் அக்கா என்றேன்.